அரசு வளர்த்து அரசே அனுப்பிவைத்த நடிகை: ஆத்ரியானா புதெவ்ஸ்கா குறித்த நிகழ்வு ஆய்வு

பல்கேரியாவின் தலைநகரான சோபியாவில் இயங்கும் தேசிய நாடக அரங்கம், 1926-ஆம் ஆண்டு தன் முதன்மை நடிகைக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. ஆத்ரியானா புதெவ்ஸ்காவுக்கு அப்போது 47 வயது. 27 ஆண்டுகளாக அவர் அந்த நகரத்தின் மேடையில் நின்றிருந்தார். அவர் நடிக்கத் தொடங்கிய நாளில் தேசிய அரங்கம் என்ற பெயரும் இல்லை, கட்டடமும் இல்லை. அவரும் அவருடைய தோழர்களும் நடித்து நடித்துத்தான் அப்படியொரு நிறுவனம் தேவை என்ற நிலை உருவானது. பதினாறு வயதுப் பெண்ணாக இருந்த அவரை உதவித்தொகை கொடுத்து மாஸ்கோவுக்குப் படிக்க அனுப்பியதும் இதே அரசுதான்.

ஒரு கலைஞரை உருவாக்கத் திட்டமிட்டுச் செலவு செய்த அரசு, அவர் கலையில் முதிர்ந்து நின்ற நேரத்தில் ஏன் அவரைக் கைவிட்டது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. தனிப்பட்ட பகை, ஒரு அதிகாரியின் பிடிவாதம் என்று எளிதாகப் பதில் சொல்லிவிட முடியும். அந்தப் பதிலில் எனக்கு நிறைவு இல்லை. புதெவ்ஸ்காவின் வாழ்க்கையை முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கும்போது, அவரை உருவாக்கிய அதே ஏற்பாட்டுக்குள் அவரை வெளியேற்றும் வழியும் சேர்ந்தே இருந்தது புலப்படுகிறது.

மேடைக்கு முந்தைய நிலை

பல்கேரிய நாடகம் அரண்மனையிலோ சந்தைத் திடலிலோ பிறக்கவில்லை. அது பள்ளிக்கூடத்திலும் வாசகசாலையிலும் பிறந்தது. ஒட்டோமான் ஆட்சி நடந்துகொண்டிருந்த 1856-ஆம் ஆண்டு, ஷூமென், லோம் ஆகிய இரண்டு ஊர்களில் ஆசிரியர்கள் முன்னின்று முதல் நாடகங்களை மேடையேற்றினார்கள். ‘சித்தாலிஷ்தே’ என்று அவர்கள் அழைக்கும் வாசகசாலை, நூல் படிக்கவும் கூட்டம் கூடவும் நாடகம் போடவும் பயன்பட்ட ஊர்ப் பொது இடம். நடித்தவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களும் கடைக்காரர்களும். பெண் பாத்திரங்களைப் பெரும்பாலும் ஆண்களே ஏற்றார்கள். நம் நாடகக்காரர்கள் ஸ்திரீபார்ட் என்று சொன்னார்களே, அதே வழக்கம். டான்யூப் நதிக்கு அப்பால் ருமேனிய மண்ணில் இருந்த பிரயிலா நகரில், புலம்பெயர்ந்த பல்கேரியர்களைத் திரட்டி தோப்ரி வொய்னிகோவ் 1860-களில் நாடகக் குழு நடத்தினார். அங்கும் நாடகம் நாட்டு விடுதலைக்கான பிரசாரமாகவே இருந்தது. அதை ஒரு தொழிலாகப் பார்க்கும் எண்ணம் அப்போது எழவில்லை.

புதெவ்ஸ்கா 1878 டிசம்பரில் பிறந்தார். ரஷ்ய–துருக்கியப் போர் முடிந்து சான் ஸ்தெஃபானோ உடன்படிக்கையும் பெர்லின் உடன்படிக்கையும் கையெழுத்தானது அதே ஆண்டில். தன்னாட்சி பெற்ற பல்கேரியாவுக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் பிறந்தது நாட்டின் வடகிழக்கு மூலையில், கருங்கடலுக்கு அருகில், இன்று தோப்ரிச் என்று அழைக்கப்படும் ஊரில். அவர் பிறந்தபோது அந்த ஊருக்குத் துருக்கியப் பெயர்தான் இருந்தது. தோப்ரிச் என்ற பெயர் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. இந்த ஊரின் பெயரும் கொடியும் அவர் வாழ்நாளுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மாறின.

விடுதலைக்குப் பின் நாடகம் மெல்லத் தொழிலாக மாறியது. 1883-இல் பிளோவ்திவ் நகரில் சம்பளம் பெறும் நடிகர்களைக் கொண்ட குழு அமைந்தது. 1888-இல் சோபியாவில் ‘ஒஸ்னோவா’ என்ற குழுவும், 1892-இல் அதன் தொடர்ச்சியாக ‘ஸல்ஸா இ ஸ்ம்யாஹ்’ என்ற குழுவும் வந்தன. பின்னதன் பெயருக்குக் ‘கண்ணீரும் சிரிப்பும்’ என்று பொருள். மரப்பலகைகளால் கட்டிய அரங்கில் அவர்கள் நடித்தார்கள். அரசு பணம் கொடுத்தது. ஆனால் நடிகர்களுக்கு முறையான பயிற்சி இல்லை. அந்தக் குறையை உணர்ந்த கல்வி அமைச்சகம் இளைஞர்கள் சிலரை வெளிநாட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தது. இந்த ஆய்வுக்கு உட்படும் நிகழ்வின் தொடக்கம் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது.

மாஸ்கோவில் நான்கு ஆண்டுகள்

1895-இல் மாஸ்கோ சென்ற புதெவ்ஸ்கா, மாலி அரங்கத்தோடு இணைந்த பேரரசு நாடகப் பள்ளியில் 1899 வரை பயின்றார். அவருடைய ஆசான் அலெக்ஸாந்தர் லென்ஸ்கி, மாலி அரங்கத்தின் பெரிய நடிகர்; கற்பிப்பதைத் தன் நடிப்புக்குச் சமமான கடமையாக எடுத்துக்கொண்டவர். மாலி அரங்கம் சொல்லின் அரங்கம். ரஷ்ய நாடக ஆசிரியர் ஒஸ்திரோவ்ஸ்கியின் நாடகங்கள் அங்கேதான் வேர்விட்டு நின்றன. பாத்திரத்தின் உள்ளத்தை நடிகர் தம் உள்ளத்தால் தொட வேண்டும், அப்படித் தொட்டது குரலின் வழியே அரங்கின் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும் என்பது அந்த மரபின் அடிப்படை. மாரியா யெர்மோலோவா என்ற மாபெரும் துன்பியல் நடிகை அந்த ஆண்டுகளில் அதே மேடையின் உச்சத்தில் இருந்தார். துன்பியல் நடிப்பு பயிலும் ஒரு பெண்ணுக்கு அதைவிடச் சிறந்த சூழல் அன்றைய கிழக்கு ஐரோப்பாவில் கிடைத்திருக்காது.

1898 அக்டோபரில் அதே மாஸ்கோவில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்–தான்சென்கோவும் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கினார்கள். புதெவ்ஸ்காவுக்கு அது படிப்பின் கடைசி ஆண்டு. கலை அரங்கம் தனி நடிகரின் ஒளியைக் காட்டிலும் குழுவின் ஒருமையையும் இயக்குநரின் கண்ணையும் முன்னிறுத்தியது. அவர் கற்றுக்கொண்டு புறப்பட்ட நகரத்திலேயே, அவர் கற்றதைப் பழையதாக்கப்போகும் முறை அப்போது பிறந்துகொண்டிருந்தது. அந்த முறை சோபியாவை வந்தடைய இன்னும் கால் நூற்றாண்டு ஆகும்.

அவரோடு அந்தக் காலத்தில் ரஷ்யாவில் பயின்று திரும்பிய பல்கேரியர்களே பின்னாளில் தேசிய அரங்கத்தின் முதுகெலும்பாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான நடிகர் ஹ்ரிஸ்தோ கான்செவ் அவருடைய கணவர்.

திரும்பி வந்த ஆண்டு

1899-இல் புதெவ்ஸ்கா சோபியாவுக்குத் திரும்பி ‘கண்ணீரும் சிரிப்பும்’ குழுவில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் பல்கேரிய மொழிக்கான முதல் அதிகாரபூர்வ எழுத்திலக்கணம் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஒன்றாக நிகழ்ந்தது தற்செயல்தான். என்றாலும் நான் அதை எளிதாகக் கடந்துபோகவில்லை. எழுதும் மொழிக்கு விதி வந்துவிட்டது. அந்த மொழியை உரக்கப் பேசினால் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு எந்தப் புத்தகமும் இல்லை. வானொலியோ பேசும் படமோ இல்லாத காலம் அது. மேற்குப் பல்கேரியர் ஒருவிதமாகவும் கிழக்குப் பல்கேரியர் வேறுவிதமாகவும் உயிரெழுத்துகளை ஒலித்தார்கள். மேடையில் நின்று ஆயிரம் பேர் காதில் விழும்படி வசனம் பேசிய நடிகரே, திருத்தமான பேச்சு என்பது இதுதான் என்று செவிவழியாகக் கற்பித்தார். மாலி பள்ளியில் சொல்லுக்கும் மூச்சுக்கும் பழகிய ஒருவர் அந்த இடத்தில் வந்து நின்றதன் மதிப்பு, நடிப்பின் எல்லையைத் தாண்டியது.

1880-இல் சுமார் 20 ஆயிரம் பேர் வாழ்ந்த சோபியாவில் 1900-இல் சுமார் 68 ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் மிகச் சிலர். அந்த அளவுள்ள ஊரில் ஒரு நாடகத்தை நீண்ட நாள் ஓட்ட முடியாது. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு ஒத்திகை நடக்க வேண்டும். நடிகை ஒரே பருவத்தில் பல பாத்திரங்களை மனப்பாடம் செய்து, உடை மாற்றி, குரல் மாற்றி நிற்க வேண்டும். புதெவ்ஸ்கா ஷேக்ஸ்பியரின் ஒபீலியாவாகவும் நடித்தார், மாக்பெத் சீமாட்டியாகவும் நடித்தார். முதலாமவள் அடுத்தவர் சொல்லுக்கெல்லாம் வளைந்துகொடுத்து இறுதியில் மனம் முறிந்து போகிறவள். இரண்டாமவள் கணவனைக் கொலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு உறக்கத்தில் நடந்துகொண்டே கையில் இல்லாத இரத்தத்தைத் தேய்த்துக் கழுவுகிறவள். இருவருக்கும் மனப்பிறழ்வுக் காட்சி உண்டு. ஒன்றில் பாட்டும் பூவும், மற்றொன்றில் மெழுகுவத்தியும் முணுமுணுப்பும். இரண்டையும் ஒரே உடலால் நம்பவைக்க முடிந்தவர் என்பதே அவர் ஆற்றலின் அகலத்தைச் சொல்லிவிடுகிறது.

1904-இல் அந்தக் குழு அதிகாரபூர்வமாகத் தேசிய நாடக அரங்கம் என்ற பெயரைப் பெற்றது. நடிகர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். சம்பளம் உறுதிப்பட்டது, மதிப்பு உயர்ந்தது, குழுக்கள் கலைந்து போகும் பழைய அச்சம் நீங்கியது. ஆனால் ஆணையால் நியமிக்கப்படுகிறவரை ஆணையால் விலக்கவும் முடியும் என்ற விதியும் அன்றே அவர்கள் மீது வந்து அமர்ந்தது. இந்த நிகழ்வை ஆராய்கிறவர்கள் 1926-ஐ மட்டும் உற்றுப் பார்ப்பது போதாது. 1904-இலும் நின்று பார்க்க வேண்டும்.

கட்டடம்

நகரப் பூங்காவை நோக்கி நிற்கும் தேசிய அரங்கத்தை வியன்னாவைச் சேர்ந்த ஃபெல்னர், ஹெல்மர் என்ற கட்டடக் கலைஞர் இருவர் வடிவமைத்தார்கள். ஐரோப்பாவின் பல நகரங்களுக்கு நாடக அரங்குகள் கட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள். முகப்பில் ஆறு வெண்தூண்கள். அவற்றின் மேலே முக்கோண முகட்டில் அப்போலோவும் கலைத் தேவியரும். இரு பக்கமும் கோபுரங்கள், அவற்றின் உச்சியில் தேர் செலுத்தும் வெற்றித் தேவியின் சிற்பங்கள். பழைய மர அரங்கம் இருந்த இடத்திலேயே இது எழுந்தது.

பழைய நாட்காட்டிப்படி 1907 ஜனவரி 3 அன்று திறப்பு விழா நடந்தது. விழாவுக்கு வந்த இளவரசர் ஃபெர்தினாந்தை வெளியே கூடியிருந்த மாணவர்கள் சீழ்க்கையடித்து அவமதித்தார்கள். ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தத்தால் ஏற்கெனவே நகரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அரசு சினந்து சோபியா பல்கலைக்கழகத்தை ஆறு மாதத்துக்கு மூடியது. பேராசிரியர்களைப் பணிநீக்கம் செய்தது. ஒரு நாடக அரங்கின் திறப்பு விழாவில் தொடங்கியது ஒரு பல்கலைக்கழகத்தின் கதவடைப்பில் முடிந்தது. கலையையும் கல்வியையும் தன் கையிருப்பாக நினைக்கும் அரசு, கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் புதெவ்ஸ்காவின் தலைமுறை தன் புது வீட்டின் வாசலிலேயே பார்த்துவிட்டது.

புதிய அரங்கின் முதல் ஆண்டுகள் செழிப்பானவை. செக் நாட்டிலிருந்து வந்த யோசெஃப் ஷ்மாகா என்ற அனுபவமுள்ள இயக்குநர் மேடை ஒழுங்கைக் கற்பித்தார். கவிஞர் பென்சோ ஸ்லாவெய்கோவ் சிறிது காலம் அரங்கத்தின் தலைவராக இருந்தார். எழுத்தாளர் இவான் வாசோவ் பல்கேரிய மன்னர் வரலாற்றிலிருந்து நாடகங்கள் எழுதினார். 1908 முதல் கவிஞர் பேயோ யாவரோவ் அரங்கத்தின் கலைப் பிரிவில் பணியாற்றினார்.

மீலா

புதெவ்ஸ்காவின் பாத்திரங்களில் ஒன்றை மட்டும் அருகில் சென்று பார்க்க விரும்புகிறேன். 1911-இல் மேடையேறிய யாவரோவின் ‘விதோஷா மலையடிவாரத்தில்’ என்ற நாடகத்தில் அவர் ஏற்ற மீலா என்ற பாத்திரம் அது. விதோஷா சோபியாவின் தெற்கே எழும் மலை. நகரத்தின் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் கண்ணில் படும்.

நாடகத்தின் கதை அந்த நகரத்தின் அன்றைய கதை. அரண்மனை இல்லை, பழங்கால மன்னர் இல்லை. வசதியான குடும்பத்துப் பெண் ஒருத்தி அரசியல் இலட்சியம் கொண்ட ஒருவனைக் காதலிக்கிறாள். குடும்பம் குறுக்கே நிற்கிறது. அவள் டிராம் வண்டியில் அடிபட்டுச் சாகக்கிடக்கிறாள். சோபியாவில் டிராம் ஓடத் தொடங்கியது 1901-இல். அரங்கத்துக்கு வந்தவர்களில் பலர் அந்த மாலை டிராமில் ஏறித்தான் வந்திருப்பார்கள். பண்டைய துன்பியலில் விதி என்று சொல்லப்பட்டது இங்கே தெருவில் மணியடித்துக்கொண்டு போகும் வண்டியாக வந்தது.

இதற்குப் பின்னால் உண்மையான துயரம் ஒன்று இருந்தது. யாவரோவ் காதலித்த மீனா தொதொரோவா, நாடக ஆசிரியர் பெத்கோ தொதொரோவின் தங்கை. குடும்பம் அந்தக் காதலை ஏற்கவில்லை. காசநோயால் நலிந்த மீனா 1910-இல் பாரிஸில் இறந்தார். அடுத்த ஆண்டே அந்த நாடகம். எழுதியவர் அதே அரங்கத்தில் வேலை செய்கிறார். ஒத்திகை நடக்கும் கட்டடத்திலேயே நடமாடுகிறார். இறந்த பெண்ணின் அண்ணன் அதே சிறிய இலக்கிய உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர். மீலா யார் என்பது முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கு ஐயமில்லாமல் தெரியும்.

அந்தச் சூழ்நிலையில் ஒரு நடிகையின் வேலை எவ்வளவு நுட்பமானது என்று எண்ணிப் பாருங்கள். அண்மையில் இறந்த ஒருத்தியை அவள் உற்றார் முன்னிலையில் உயிர்ப்பிக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி அழுதால் அது ஊர்வம்பு ஆகிவிடும். அடக்கினால் கவிஞரின் சொற்கள் வெறும் சொற்களாக நின்றுவிடும். மாலி மரபு இங்கே கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த மரபில் உணர்ச்சி பெரியது. ஆனால் அது சொல்லின் ஒழுங்குக்குள் நின்றது. வாசோவின் அரசிகளிலிருந்து சமகாலத்துப் பெண்ணுக்கு பல்கேரிய மேடை நகர்ந்த வழியில் இந்தப் பாத்திரம் ஒரு மைல்கல். அந்த நகர்வைத் தன் உடலில் ஏற்று நடத்தியவர் புதெவ்ஸ்கா.

1913-இன் இறுதியில் யாவரோவின் மனைவி லோரா தற்கொலை செய்துகொண்டார். 1914-இல் யாவரோவும் தன் உயிரைப் போக்கிக்கொண்டார்.

போர்களும் திரையும்

1912 முதல் 1918 வரை பல்கேரியா மூன்று போர்களில் ஈடுபட்டது. இரண்டாவது பால்கன் போரின் தோல்வியில், 1913-இல் நாட்டின் வடகிழக்குப் பகுதியான தெற்கு தோப்ருஜா ருமேனியாவுக்குப் போயிற்று. புதெவ்ஸ்கா பிறந்த தோப்ரிச்சும் அதனோடு போயிற்று. தேசிய அரங்கத்தின் முதன்மை நடிகை பிறந்த வீடு அயல்நாட்டில் இருந்தது. முதல் உலகப் போரின்போது சிறிது காலம் கைமாறியதைத் தவிர்த்தால், 1940 வரை அதுவே நிலை.

இதே ஆண்டுகளில் சோபியாவில் இன்னொரு கலை தலையெடுத்தது. 1908-இல் ‘மாடர்ன் தியேட்டர்’ என்ற திரையரங்கம் கட்டப்பட்டது. 1915 ஜனவரியில், வாசில் கெந்தோவ் எடுத்து நடித்த முதல் பல்கேரியக் கதைப்படம் அங்கே திரையிடப்பட்டது. மாரா லிப்பினா அதில் நடித்தார். கெந்தோவும் அவர் மனைவி ழானா கெந்தோவாவும் பல ஆண்டுகள் தங்கள் முயற்சியால் மட்டுமே படமெடுத்தார்கள். அவர்களின் படங்களில் பெரும்பாலானவை இன்று அழிந்துபோய்விட்டன. முதல் பேசும் படமும் கெந்தோவின் கையால்தான் வந்தது, 1933-இல்.

இந்தத் தேதிகளை புதெவ்ஸ்காவின் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் தம் வலிமையின் நடுப்பகுதியில் இருந்தபோது திரைக்குக் காது இல்லை. திரைக்குக் காது வந்தபோது அவருக்கு வயது 54. தேசிய அரங்கம் அவரை அனுப்பி ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. குரலை முதலீடாகக் கொண்ட ஒரு கலைஞருக்கு இது கொடுமையான இடைவெளி. அவருக்குப் பின் வந்த நடிகைகளுக்கு மேடை கைவிட்டாலும் திரை இருந்தது. அவருக்கு மேடை ஒன்றே.

தீயும் ஆணையும்

1923 பிப்ரவரி 10 அன்று, ஆண்டு விழா ஒன்றின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, தேசிய அரங்கம் தீப்பற்றி எரிந்தது. பதினாறே வயதான கட்டடம் முகப்பைத் தவிர ஏறக்குறைய முழுவதும் பாழானது. மார்ட்டின் ட்யூல்ஃபர் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞரின் திட்டப்படி அது மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது 1929-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் குழு சொந்த வீடு இல்லாமல் வேறு அரங்குகளில் நடித்தது.

அது நாட்டுக்கும் கெட்ட காலம். 1923 ஜூனில் ஆட்சிக் கவிழ்ப்பு, செப்டம்பரில் எழுச்சி, 1925 ஏப்ரலில் சோபியாவின் புனித நெதெல்யா தேவாலயத்தில் குண்டுவெடிப்பு, அதைத் தொடர்ந்து கொடிய அடக்குமுறை. கவிஞரும் நாடக இயக்குநருமான கெயோ மிலெவ் அந்த அடக்குமுறையில் கொல்லப்பட்டார்.

1925-இல் மாஸ்கோ கலை அரங்கத்திலிருந்து வந்த நிக்கொலாய் மசாலித்தினோவ் தேசிய அரங்கத்தின் தலைமை இயக்குநர் ஆனார். அதற்கு முன்பே, 1920-இல், கலை அரங்கத்தின் நடிகர்கள் அடங்கிய கச்சாலோவ் குழு சோபியாவில் நடித்து, நகரத்தின் நாடக ரசனையை அசைத்திருந்தது. மசாலித்தினோவ் பள்ளி தொடங்கினார், இளம் நடிகர்களைப் பயிற்றினார், 1944 வரை அந்தப் பொறுப்பில் நீடித்தார். அவர் பல்கேரிய நாடகத்துக்குச் செய்த நன்மை பெரியது. அதை மறுப்பது நேர்மை ஆகாது. அவர் வந்த மறு ஆண்டில் புதெவ்ஸ்கா ஓய்வில் அனுப்பப்பட்டார்.

இந்த இரண்டையும் காரணமும் விளைவுமாக முடிச்சுப் போட நான் முற்படவில்லை. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன என்பதே என் கணிப்பு. முதலாவது, நிர்வாக அமைப்பு: அரங்கம் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருந்தது, நடிகர் ஓர் ஊழியர், சேவைக்காலம் நிறைந்தால் கோப்பு தானாக நகரும். ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் பொருந்துகிற கணக்கு துன்பியல் நடிகைக்கும் பொருந்துமா என்று கேட்பதற்கு அந்த அமைப்பில் ஆள் இல்லை. அடுத்தது, தீ. வீடு இல்லாத குழுவைச் சுருக்குவது எந்த நிதிப் பொறுப்பாளருக்கும் எளிதாகத் தோன்றும். மூன்றாவது ரசனை மாற்றம். 1898-இல் மாஸ்கோவில் அவர் விட்டுவந்த இரண்டாவது வழி, இப்போது அவர் வாசலுக்கே வந்துவிட்டது. குழுவின் ஒருமையை நாடும் இயக்குநருக்கு, தனித்து உயரும் குரல் இடறலாகத் தோன்றக்கூடும்.

நான்காவது காரணம் மற்ற மூன்றையும்விட என்னை வருத்துகிறது. 47 வயது ஆண் நடிகருக்கு நாடக இலக்கியம் முழுவதும் திறந்து கிடக்கிறது. மாக்பெத்தும் லியரும் இனிமேல்தான் அவரைத் தேடி வருவார்கள். அதே வயதுப் பெண்ணுக்கு எழுதப்பட்ட பெரிய பாத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சில பாத்திரங்களுக்கும் அனுபவம் முதிர்ந்த நடிகையைத் தவிர வேறு யாரும் பொருந்த மாட்டார்கள் என்பதை ஓய்வூதியக் கணக்கு அறியவில்லை. மீலாவை நடித்துக் காட்டியவர் தாயையும் விதவையையும் முதுமையையும் தேசிய மேடையில் நடித்துக் காட்டும் வாய்ப்பு அதனால் போயிற்று.

1923-இல் எரிந்த அரங்கம் 1929-இல் திரும்ப எழுந்தது. 1926-இல் அவர் வெளியேறினார். புதுப்பிக்கப்பட்ட அந்த மேடையில் அவர் அந்தக் குழுவின் உறுப்பினராக ஒருநாளும் நின்றதில்லை. அந்த நிறுவனத்தின் முதல் வீட்டுக்கு அவர் உயிர் கொடுத்தார்; இரண்டாவது வீட்டில் அவருக்கு நாற்காலி இல்லை.

அர்ஜென்டினா

1937-இல் புதெவ்ஸ்கா கப்பலேறி அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் வாழ்ந்த மகனிடம் சென்றார். அவருக்கு வயது 58. உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பல்கேரியர்கள் ஆயிரக்கணக்கில் அர்ஜென்டினாவுக்குப் புலம்பெயர்ந்திருந்தார்கள். பலர் வடக்கே சாக்கோ மாநிலத்தின் பருத்திக் காடுகளிலும், லா பிளாத்தா அருகே பெரிஸ்ஸோவின் இறைச்சிப் பதனிடும் ஆலைகளிலும், தெற்கே எண்ணெய் வயல்களிலும் உழைத்தவர்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகளான அவர்களில் பெரும்பாலோர் சோபியாவின் ஆறு தூண் அரங்கத்துக்குள் காலடி வைத்திருக்க மாட்டார்கள்.

அவர்களோடு சேர்ந்து அங்கே அவர் நாடகம் நடத்தினார். மாக்பெத் சீமாட்டியாக நின்ற நடிகை, பகலெல்லாம் வேலை செய்துவிட்டு மாலையில் வசனம் படிக்க வரும் தன்னார்வ நடிகர்களுக்குச் சொல்லைத் திருத்திக் கொடுத்தார். பல்கேரிய நாடகம் தொடங்கியதும் இப்படித்தானே! 1856-இன் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் வாசகசாலையில் செய்ததை, முழுப் பயிற்சி பெற்ற ஒரு கலைஞர் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் திரும்பச் செய்தார். அவருடைய முதல் 27 ஆண்டுகளைப் பேசுகிறவர்கள் இந்தப் பதினொரு ஆண்டுகளை ஓரிரு வரியில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அங்கே சம்பளமும் பதவியும் பத்திரிகை விமர்சனமும் இல்லாதபோதும் அவர் நாடகத்தை விடவில்லை என்பது, அவர் யார் என்பதற்கான வலுவான சான்று.

1940 செப்டம்பரில் கிரயோவா உடன்படிக்கையின்படி தெற்கு தோப்ருஜா பல்கேரியாவுக்குத் திரும்பியது. பிறந்த ஊர் தாய்நாட்டோடு சேர்ந்தபோது, அந்த ஊரில் பிறந்தவர் புவெனஸ் அயர்ஸில் இருந்தார்.

திரும்புதல்

1948-இல், எழுபதை நெருங்கும் வயதில், அவர் பல்கேரியாவுக்குத் திரும்பினார். அவர் விட்டுச்சென்ற முடியாட்சி ஒழிந்து, 1946-இல் மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டிருந்தது. புதிய அரசு அவருக்கு ‘மக்கள் கலைஞர்’ என்ற உயரிய பட்டத்தைக் கொடுத்தது. ஓர் அரசு ஆணையிட்டு அனுப்பியவரை இன்னோர் அரசு ஆணையிட்டுச் சிறப்பித்தது. பட்டம் வந்தது நல்லதே. ஆனால் 47 வயதிலிருந்து 69 வயது வரை தேசிய மேடை அவரிடமிருந்து பெற்றிருக்க வேண்டியதைப் பட்டத்தால் திருப்பித்தர இயலாது.

அவர் பிறந்த ஊர் மீண்டும் பெயர் மாறியது. 1949-இல் சோவியத் தளபதி ஒருவரின் நினைவாக அதற்குத் தோல்புஹின் என்று பெயரிட்டார்கள். தோப்ரிச் என்ற பெயர் 1990-இல்தான் திரும்பியது. 1952-இல் தேசிய அரங்கத்துக்கு, அந்த ஆண்டு மறைந்த பெரும் நடிகரும் புதெவ்ஸ்காவின் தலைமுறையைச் சேர்ந்தவருமான கிரஸ்த்யோ சராஃபோவின் பெயர் சூட்டப்பட்டது. பத்தாண்டுகள் அந்தப் பெயரில் அது இயங்கியது. இன்று அந்த அரங்கம் இவான் வாசோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆத்ரியானா புதெவ்ஸ்கா 1955 டிசம்பர் 9 அன்று சோபியாவில் காலமானார். கருங்கடல் துறைமுக நகரமான புர்காஸின் நாடக அரங்கத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது; அங்கே இன்றும் நாடகங்கள் நடக்கின்றன. தோப்ரிச்சில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது.